வெயிலில் போட்ட நாற்காலி

உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கார் நிறுத்துகிறீர்களே, அதற்குக் கீழேதான் எங்கள் ஓடை போகிறது. தெரியாது, இல்லையா? பலருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அதைக் குழாய்க்குள் விட்டு மேலே தார் போட்டு மூடினார்கள். பெருமழை பெய்தால் மூலையில் இருக்கும் இரும்பு மூடி லேசாக ஆடும். அது டன்மோர் ஓடைதான்.

அந்தக் குழாயின் வரைபடத்தைப் போட்டவள் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, நகராட்சியின் வடிகால் பிரிவில் வேலை. கோடு நேராகப் போடுவேன் என்று மேலதிகாரிக்கு என்மேல் மதிப்பு. வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த ஓடையை அளவுகோலை வைத்து நேராக்கினேன். மேலேயிருந்து நாலு கிலோமீட்டருக்குக் கரை முழுக்க கான்கிரீட், கடைசித் துண்டு குழாய். அடுத்த கோடையில் தவளைச் சத்தம் நின்றுவிட்டது. ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முன்பே அந்தப் பாவத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக ஓடை நண்பர்கள் சங்கத்தை நடத்துகிறேன். கான்கிரீட்டை உடைத்தோம், வளைவுகளைத் திருப்பிக் கொடுத்தோம், ஓடையின் பதினைந்து வருடத் திட்டத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, பச்சை அட்டை, அதுதான்.

முதலில் எங்கள் சங்கத்து டெரன்ஸை வீட்டுக்கு அனுப்புங்கள். சங்கக் கொட்டகைச் சாவி அவரிடம் இருக்கிறது, துளைக்கருவியும் களைக்கொல்லியும் அங்கேதான் இருக்கின்றன, கூட்டத்தில் ஒராசியோவைப் பார்த்து அவர் கத்தினார். எல்லாம் உண்மை. ஆனால் வேண்டாத மரத்தைக் கொல்லத் தண்டில் துளை போட்டுக் களைக்கொல்லி ஊற்றுவோமே, டெரன்ஸ் போடுகிற அந்தத் துளைகளை நான் பார்த்திருக்கிறேன், சார்ஜென்ட். கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஒராசியோ இறந்தது விபத்து என்று மூன்று வாரத்துக்கு முன் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். செத்த மரத்தின் கிளை முறிந்து தலையில் விழுந்தது, பாவம் கிழவர், அவ்வளவுதான். அப்புறம் மரத்தை வெட்ட வந்தவர் தண்டைச் சுற்றியிருந்த ஐவிக் கொடியை உரித்தார். உள்ளே துளைகள். நீங்கள் எடுத்த படத்தைத் திரும்பப் பாருங்கள். துளைக்குத் துளை மூன்று விரல் இடைவெளி. எல்லாமே கீழ்நோக்கி ஒரே சாய்வு. வாய் களிமண்ணால் அடைத்திருக்கிறது. களிமண் வைத்து அடைக்கிறவள் இந்த வட்டாரத்தில் ஒருத்திதான். பையன்கள் கேலி செய்வார்கள், கேக் செய்கிறாள் பார் கிளெனிஸ் என்று. இன்னொருவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. வேலையாகப் பார்த்தாலும் அது டெரன்ஸால் முடியாத வேலை.

வில்லோ மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்தின் சாதிதான். பார்க்க அழகு, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் இந்த மண்ணின் மரம் அல்ல. இலையுதிர் காலம் வந்தால் அத்தனை இலையையும் ஒரே வாரத்தில் தண்ணீரில் கொட்டிவிடும். அது அழுகி, தண்ணீரில் மூச்சே இருக்காது. வேர் ஓடையின் படுகையில் பாய் விரித்த மாதிரிப் பரவிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், ஒரு சுள்ளி ஒடிந்து மிதந்து போனால் போதும், எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வேர் விட்டுவிடும். மேலே ஒரே ஒரு மரம் நின்றால் கீழே நாலு கிலோமீட்டருக்கு நாங்கள் நட்டதற்கு அர்த்தமே இல்லை. அறுபத்துமூன்று வில்லோ இருந்தது. அறுபத்திரண்டை எடுத்துவிட்டோம். மேலே நின்ற அந்த ஒன்று ஒராசியோவின் பின்கட்டில் நின்றது.

அவர் மனைவி அசுந்தா வைத்தது. இத்தாலியிலிருந்து வந்த புதிதில் திராட்சைக் கொடியைப் பந்தலில் கட்ட அவர்களுக்கு வில்லோ விளார்தான் வேண்டும். நூலோ கம்பியோ ஆகாது, கொடிக்கு வலிக்கும் என்பார்கள். அதற்காக யார் வீட்டிலிருந்தோ ஒரு குச்சியை வாங்கிவந்து ஓடைக்கரையில் ஊன்றினாள். ஐம்பது வருடத்தில் மூன்று பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத மரமாகிவிட்டது. அசுந்தா போய் ஒன்பது வருடம். ஒவ்வொரு குளிர்காலமும் ஒராசியோ ஏணி வைத்து விளார் வெட்டி, ஊறப்போட்டு, கொடி கட்டுவார். காலையில் எழுந்ததும் மரத்துக்கு வணக்கம் சொல்வார். நானே என் காதால் கேட்டிருக்கிறேன். மகன் ரெனாத்தோ பெர்த்தில் இருக்கிறான், வந்துவிடு அப்பா என்று வருடம் முழுக்கக் கூப்பிடுவான். இவர் போகமாட்டார்.

என் வீடு அவர் வீட்டுக்கு ஒரு வீடு தள்ளி. அசுந்தா போனபிறகு தினமும் பதினோரு மணிக்கு அந்த மரத்தடியில் இரண்டு நாற்காலி, ஒரு காபிப் பாத்திரம். ஒன்பது வருடம். எனக்குக் கணவன் இருந்த காலத்தில்கூட ஒரே ஆளோடு ஒன்பது வருடம் தினமும் பேசியதில்லை.

திட்டத்தை நிறைவேற்ற வைத்த கூட்டத்துக்கு அவரும் வந்திருந்தார், டப்பா நிறையச் சர்க்கரை தூவின பலகாரத்தோடு. டெரன்ஸ் எழுந்து கத்தினது அன்றுதான்.

"இருபது வருஷமா முதுகு ஒடிய வேலை செஞ்சிருக்கோம். எல்லாம் உங்க ஒத்த மரத்துக்காக வீணாப் போகணுமா?"

"உன் முதுகு ஒடிஞ்சதுக்கு என் பொண்டாட்டி மரம் என்னப்பா செய்யும்?" என்றார் ஒராசியோ. "பலகாரம் எடுத்துக்க."

சபை சிரித்தது. நான் எழுந்து ஒரு வாக்கியத்தை முன்மொழிந்தேன். திட்டத்தில் இருக்கிறது, முப்பதாம் பக்கம்: முதல் எண் மரம், உரிமையாளரின் காலத்துக்குப் பிறகு, குடும்பத்தின் சம்மதத்தோடு அகற்றப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். ஓடையும் மனுஷத்தனமும் ஒன்றாகப் போகலாம் என்று ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வருகையில் ஒராசியோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போனாத்தான் மரம் போகும்னு எழுதிட்ட. பெரிய உபகாரம்மா. ஆனா அவசரப்பட்டு என் காபியில எதையும் கலந்துடாத."

"உங்க காபியில எதைக் கலந்தாலும் தெரியாது. அவ்வளவு கசப்பு," என்றேன்.

அவருக்கு அப்போது எழுபத்தொன்பது. அவர் அம்மா தொண்ணூற்றெட்டு வரை இருந்தவர். அதை ஒருநாள் பெருமையாகச் சொன்னார். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வருடம். எனக்கு எழுபது. இது யாருக்கும் தோன்றுகிற கணக்குதான்.

அடுத்த பிப்ரவரியில் பேத்தியின் ஞானஸ்நானத்துக்காகப் பெர்த் போனார். பத்து நாள். தக்காளிக்குத் தண்ணீர் ஊற்று என்று சாவியை என்னிடம் கொடுத்தார். வில்லோவுக்கு மருந்து வைக்கச் சரியான பருவம் கோடையின் கடைசிதான், இங்கே அது பிப்ரவரி, மரம் இலையிலிருந்து வேருக்குச் சத்தை இறக்குகிற நேரம். திங்கட்கிழமை காலை தக்காளிக்கு ஊற்றிவிட்டு, ஐவிக் கொடியைத் திரை மாதிரி விலக்கி, சுற்றிவரத் துளை போட்டேன். ஒவ்வொரு துளையிலும் பதினைந்து விநாடிக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் மரம் வாயை மூடிக்கொள்ளும். களிமண் வைத்து அடைத்துக் கொடியைப் பழையபடி விட்டேன். ஐவியும் களைதான். வாழ்க்கையில் நான் பிடுங்காமல் விட்ட ஒரே ஐவி அது. அந்த வருடம் தக்காளி நன்றாகக் காய்த்தது.

அவருக்கும் இது நல்லதுதான் என்று நினைத்தேன். மரம் போனால் அவரை இங்கே பிடித்து வைக்க ஒன்றுமில்லை, மகனோடு போய் இருப்பார், பேத்தி மடியில் உட்காரும். பதினோரு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று அப்போது யோசிக்கவில்லை. என் நலத்தைப் பார்க்காமல் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏப்ரலில் இலை பழுத்தது. எல்லா வருடமும் பழுப்பதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. குளிர்காலத்தில் விளார் வெட்டும்போது மட்டும், இந்த வருஷம் சுள்ளி படக்கு படக்குன்னு ஒடியுது கிளெனிஸ் என்றார். செப்டம்பரில் ஊரெல்லாம் துளிர்த்தது. இது துளிர்க்கவில்லை. ஒராசியோ காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். காபிச் சக்கையைச் சேர்த்துவைத்து வேரில் போட்டார். மீன் கடையிலிருந்து தலைகளை வாங்கிவந்து புதைத்தார், தெருவே நாறியது. ஒருநாள் பாதிரியாரைக் கூட்டிவந்து மந்திரித்த நீரும் தெளிக்க வைத்தார். இவ்வளவுக்கும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். மரத்துக்கு என்ன நோய் என்று என்னைத்தான் கேட்டார், எனக்குத்தானே மரம் தெரியும். வயசாயிடுச்சு ஒராசியோ என்றேன். மரத்துக்கா எனக்கா என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு வலித்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அக்டோபரில் ஒருநாள் ஏழு மணிக்கே என் கதவைத் தட்டினார். பைஜாமாவோடு, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"வாம்மா, வந்து பாரு. அவ திரும்பி வந்துட்டா."

தென்பக்கத்துக் கிளை ஒன்றில் ஏழெட்டுத் துளிர், விரல்நகம் அளவு. ஒராசியோ அழுதார். என் தோளில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஐவி வேர் தடித்திருந்த பக்கத்தில் இரண்டு துளை குறைவாகப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

நவம்பரில் தோல் புற்றுக்காக அவர் காதை அறுத்தார்கள். இந்த நாட்டில் வெயிலில் தோட்டம் போட்டவர்கள் யாருக்கு இல்லை அது. இடது காதின் மேல்பாதி. நான்தான் காரில் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது வரிசையைப் போட்டேன், முதல் வரிசைக்குக் கீழே, விட்டுப்போன பக்கமும் சேர்த்து. கையைக் கழுவிக்கொண்டு திரும்பப் போனபோது அவர் தலையில் கட்டோடு சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். டாக்டர் ஒரே ஒரு கண்டிப்பு சொன்னார்: இனிமேல் வெயிலில் உட்காரவே கூடாது. காது கேட்கும் கருவியையும் அந்தப் பக்கம் மாட்ட முடியாமல் போனது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு சூப் செய்து கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்," என்றார்.

டிசம்பரில் துளிர் கருகியது. அதற்குப்பிறகு அவர் மீன் தலை வாங்கவில்லை. தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். பெர்த்துக்கும் போகவில்லை. "இவளை இந்த நிலமையில விட்டுட்டு எப்படிம்மா போவேன்?" என்றார்.

இப்போது திட்டத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். மருந்து வைத்த மரத்தை நின்றபடி விட்டால், இரண்டு வருடத்துக்கு அதன் கீழ் யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது, எச்சரிக்கைப் பலகை கட்டாயம். நான் எழுதியது. காற்றே இல்லாத நாளிலும் வில்லோ கிளையைப் போட்டுவிடும், அதுவும் மருந்தில் செத்தது உப்புப் பிஸ்கட் மாதிரி. அறுபத்திரண்டு மரத்துக்கும் பலகை வைத்தோம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஒராசியோவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். செத்த மரம், கீழே உட்காராதீங்க என்று சொல்ல வாக்குமூலம் எதுவும் தேவையில்லை, அது எனக்கும் தெரியும். சொன்னால் ரெனாத்தோவுக்குப் போன் செய்வார். அவன் ஆளை அனுப்புவான். ஆள் ஐவியை உரிப்பான். ஒராசியோ அந்தத் துளைகளைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார். அதை அவர் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வேதனையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நாற்காலிக்கு வருகிறேன். அன்று முதலில் வந்த உங்கள் ஆள் கேட்டார்: ஒரு நாற்காலி மரத்தடியில், இன்னொன்று பதினைந்தடி தள்ளி வெட்டவெளியில், ஏன்? எனக்கு வெயில் பிடிக்கும் என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் ஒரு காலை போனபோது என் நாற்காலி பக்கத்தில் கை தடிமனில் ஒரு கிளை கிடந்தது. ஒராசியோ உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளையை எடுத்து ஓடைக்கரைப் புதரில் போட்டேன். நாற்காலியை எடுத்துப் பதினைந்தடி தள்ளிப் போட்டேன். என் நாற்காலியை. அவர் வந்து பார்த்தார்.

"ஏன் அவ்ளோ தூரம்? என் வாய் நாறுதா?"

"முட்டி வலி. வெயில் படட்டும்னு."

உள்ளே போய் அசுந்தாவின் சால்வையைக் கொண்டுவந்து என் முழங்காலில் போர்த்தினார். ஒன்பது வருடத்தில் அந்த அலமாரியை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். மரம் செத்தாலும் ஐவி பச்சையாகப் படர்ந்து கிடந்தது, கீழே நிழல் இருந்தது. தூரத்திலிருந்து கத்திக் கத்திப் பேசினோம். அவருக்கு அரைக்காது. நான் தக்காளி என்றால் அவர் மழையைப் பற்றிப் பதில் சொல்வார்.

இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எண்பத்தொரு வயதில், மூச்சு வாங்க, வெட்டவெளியில் என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இப்பதான் கேக்குது," என்றார். அப்படி நாலு நாள். என் வாழ்க்கையின் நல்ல நாட்களைக் கேட்டால் அந்த நாலையும் சொல்வேன். வெயில் சுகமாக இருந்தது. அவர் அசுந்தாவைப் பற்றி அதுவரை சொல்லாததெல்லாம் சொன்னார்.

ஐந்தாம் நாள் அவர் காதைப் பார்த்தேன். ஓரம் சிவந்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு ஒராசியோ? வெயில்ல உக்காரக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"கொஞ்ச நேரந்தானம்மா."

"திரும்ப அறுக்கணும்னா நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். நிழல்ல போய் உக்காருங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீ சொன்னாச் சரி," என்று எழுந்தார். நாற்காலியைத் தூக்க நானும் ஒரு கை பிடித்தேன். பழைய இடத்திலேயே போட்டோம். பெரிய கிளைக்கு நேர் கீழே.

அதற்குப்பிறகு ஆறு மாதம். தினமும் பதினோரு மணி. செப்டம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு இலை அசையவில்லை. வில்லோ கிளை முறியுமுன் ஒரு சத்தம் போடும், கதவுக் கீல் மாதிரி, இரண்டு விநாடி. கேட்டால் முதலில் கத்து, அப்புறம் ஓடு என்று இருநூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் கத்தினேன். ஒராசியோ என்று கத்தினேன், சத்தியமாக. அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பிச் சிரித்தார். காபி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "இரு, கொண்டு வரேன்," என்றார்.

மரத்தை எடுத்தாகிவிட்டது. ரெனாத்தோ உடனே சம்மதித்தான், அப்பாவைக் கொன்ற மரம் எனக்கெதற்கு என்று. முப்பதாம் பக்கத்தில் இருந்தபடியே எல்லாம் நடந்தது, உரிமையாளரின் காலத்துக்குப் பிறகு, குடும்பத்தின் சம்மதத்தோடு. அடுத்த மாதம் அந்தக் கரையில் நடவு நாள். அவர் பெயரில் ஒரு பெஞ்சு போடலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். சால்வை என் வீட்டில் இருக்கிறது, அதை ரெனாத்தோவிடம் கொடுத்துவிடுங்கள்.

அவரைக் கொல்ல நான் நினைத்ததில்லை. மரத்தைக் கொன்றேன், இரண்டு முறை. என் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவர் நாற்காலியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது, வரிசையாகச் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

இன்னொன்று. பிணப் பரிசோதனை அறிக்கை அன்று உங்கள் மேசையில் திறந்திருந்தது, மூன்றாம் பக்கம். இடது காதில் பழைய அறுவைத் தழும்பு, முழுமையாக ஆறியது, நோய் திரும்பியதற்கு அறிகுறி இல்லை. அதை யாரும் ரெனாத்தோவிடம் சொல்லவில்லை, நீங்களாவது சொல்லுங்கள். நிழலில் உட்கார்ந்ததால்தான் அது அவ்வளவு நன்றாக ஆறியது.